37 குதிரைகள் ஒரு குடும்பத்துக்குப் போதுமா? சின்னக் கார் இஞ்சினின் நூறு வருஷக் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றுத் திருத்தப்பட்டது.)

வீட்டுல கார் வாங்குற பேச்சு எடுத்தா வரிசையா மூணு கேள்வி வரும். விலை எவ்வளவு? மைலேஜ் எவ்வளவு? மூணாவது கேள்வியை பெரும்பாலும் ஒரு சித்தப்பாவோ மாமாவோ கேட்பார்: "சின்ன இஞ்சினா இருக்கே, வண்டி இழுக்குமா?"

இந்த "இழுக்குமா"ங்கிற ஒத்தை வார்த்தைக்குள்ள நிறைய கேள்விகள் ஒளிஞ்சிருக்கு. அஞ்சு பேரும் லக்கேஜும் ஏறினா இழுக்குமா? ஏசி போட்டா இழுக்குமா? ஊட்டி மலையில இழுக்குமா? லாரியை ஓவர்டேக் பண்ணும்போது இழுக்குமா? இதை முதலில் கேட்டது நம்ம மாமா இல்லை. நூறு வருஷமா உலகம் முழுக்க கேட்டுட்டு இருக்காங்க. ஒவ்வொரு நாட்டிலும், ஒவ்வொரு காலத்திலும் வேற வேற பதில் வந்திருக்கு. அந்தப் பதில்களை யார் முடிவு செய்தார்கள் என்பதுதான் இன்றைய எபிசோட். கடைசியில் இன்னொரு விஷயமும் இருக்கு. இந்தக் கேள்வியிலேயே மூழ்கிக் கிடந்ததால் நாம கேட்காமலே விட்ட ஒரு கேள்வி.

முதலில் அளவுகோலைப் பார்த்துடலாம். ஒரு குதிரைத்திறன் என்பது சுமார் 746 வாட். நம்ம வீட்டுத் தண்ணித் தொட்டிக்கு ஏத்துற மோட்டார் அரை ஹெச்பி, ஒரு ஹெச்பி இருக்கும். கிராமத்துல கிணத்து மோட்டார் 5 ஹெச்பி. இந்த ரெண்டையும் மனசுல வச்சுக்கங்க. வரப்போற எண்களைப் புரிஞ்சுக்க இது போதும்.

வரி போட்ட கோடு

சின்னக் கார் சின்ன இஞ்சினோட ஏன் வந்தது? பெட்ரோல் மிச்சம் பிடிக்கன்னு நினைப்போம். பாதி கதை அதுதான். மீதிப் பாதி வரி.

பிரிட்டனில் 1921-இலிருந்து காருக்கு ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு பவுண்டு என்று ஆண்டு வரி போட்டார்கள். ஆனா இஞ்சினோட உண்மையான சக்தியை யாரும் அளக்கலை. சிலிண்டரோட விட்டம், சிலிண்டர்களோட எண்ணிக்கை, இந்த ரெண்டையும் வச்சு ஒரு சூத்திரம். பிஸ்டன் எவ்வளவு தூரம் மேலும் கீழும் போகுது என்பது அந்தச் சூத்திரத்திலேயே கிடையாது.

இதனால அமெரிக்காவின் ஃபோர்டு மாடல் டி மாட்டிக்கிச்சு. 2.9 லிட்டர் இஞ்சின், உண்மையான சக்தி சுமார் 20 குதிரைத்திறன். பெரிய விட்டம் கொண்ட சிலிண்டர் என்பதால் சூத்திரப்படி வரி 23 பவுண்டுக்கு வந்தது. 1922-இல் ஹெர்பர்ட் ஆஸ்டின் ஒரு குட்டிக் காரைக் கொண்டு வந்தார். பெயர் ஆஸ்டின் செவன். இஞ்சின் சில மாதங்களிலேயே 747 சிசி ஆனது. சக்தி வெறும் 10 குதிரைத்திறன் அளவு, அதாவது நம்ம கிணத்து மோட்டார் ரெண்டு. வரி 8 பவுண்டு.

வண்டியின் எடை 400 கிலோவுக்கும் குறைவு. அதனால அந்த 10 குதிரைகளே ஒரு குடும்பத்தை இழுத்துச்சு. அதுவரைக்கும் பக்கப்பெட்டி மாட்டின மோட்டார் சைக்கிளில் போயிட்டிருந்தவங்க காருக்கு வந்தாங்க.

என்னை மாதிரி மென்பொருள் வேலை பார்க்கிறவங்களுக்கு இது பழகின கதை. ஒரு அளவீட்டை இலக்காக வச்சுட்டா, எல்லாரும் அந்த அளவீட்டுக்கு ஏத்த மாதிரி கோடு எழுத ஆரம்பிச்சுடுவாங்க. சூத்திரம் விட்டத்தை மட்டும்தான் பார்க்குதுன்னு தெரிஞ்சதும் பிரிட்டிஷ் பொறியாளர்கள் ஒல்லியான, நீளமான சிலிண்டர்களாகப் போட்டுத் தள்ளினார்கள். சக்தி எவ்வளவு "போதும்" என்பதை அங்கே முடிவு பண்ணதில் ரோட்டுக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு வரி அலுவலகத்துக்கும் இருந்தது.

முட்டைக் கூடையும் 9 குதிரைகளும்

அடுத்து பிரான்ஸ். 1930-களில் சித்ரோவன் கம்பெனியின் தலைவர் பியர் பூலாஞ்சே தன் பொறியாளர்களிடம் ஒரு தேவைப் பட்டியல் கொடுத்தார். மாட்டு வண்டியிலும் குதிரை வண்டியிலும் சந்தைக்குப் போற விவசாயிக்கு ஒரு வண்டி வேணும். ஆட்கள் போக 50 கிலோ உருளைக்கிழங்கு ஏற்றணும். 60 கிலோமீட்டர் வேகம் போதும். 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் பெட்ரோல்தான் குடிக்கணும். உழுத வயலில் ஓட்டினாலும் கூடையில் இருக்கிற முட்டை உடையக் கூடாது.

இந்தப் பட்டியலைக் கவனிங்க. சக்தி இவ்வளவு வேணும்னு அதுல எங்கேயும் இல்லை. என்ன வேலை செய்யணும் என்றுதான் இருக்கு. நல்ல ரிக்குவயர்மென்ட் டாக்குமென்ட்னா இப்படித்தான் இருக்கணும்.

போர் முடிஞ்சு 1948 பாரிஸ் கண்காட்சியில் அந்தக் கார் வெளிவந்தது. பெயர் 2சிவி. 375 சிசி, ரெண்டு சிலிண்டர், 9 குதிரைத்திறன். பத்திரிகைக்காரங்க கிண்டல் பண்ணாங்க. மக்களோ வருஷக்கணக்கில் வரிசையில் காத்திருந்து வாங்கினார்கள். இஞ்சின் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தாலும் அந்த அடிப்படை வடிவம் 1990 வரை ஓடியது.

எல்லாச் சின்னக் காருக்கும் இந்த யோகம் அமையலை. 1957-இல் இத்தாலியின் ஃபியட் நுவோவா 500 வந்தபோது 479 சிசி, 13 குதிரைத்திறன். எதிர்பார்த்த அளவுக்கு விற்கலை. சில மாதங்களிலேயே ஃபியட் இஞ்சினை 15 குதிரைத்திறனுக்கு ஏத்துச்சு. 1960-இல் இன்னும் கொஞ்சம் கூட்டினார்கள். அதன் பிறகு அந்தக் கார் இத்தாலியின் அடையாளமாகவே ஆகிவிட்டது. வாடிக்கையாளர் "இழுக்கலை"ன்னு சொன்னா அது சும்மா புலம்பல்னு ஒதுக்க முடியாது என்பதற்கு இது சாட்சி.

எதிர்ப்பக்கமும் நடந்திருக்கு. 1959-இல் வந்த பிரிட்டனின் மினிக்கு சோதனை வண்டிகளில் 948 சிசி இஞ்சின் போட்டுப் பார்த்தார்கள். இவ்வளவு சின்ன வண்டிக்கு வேகம் ரொம்ப அதிகம் என்று முடிவு செய்து, விற்பனைக்கு 848 சிசி, 34 குதிரைத்திறனாகக் குறைத்தார்கள். பதினொரு ஆண்டு இடைவெளியில், பக்கத்துப் பக்கத்து நாடுகளில், "போதும்" என்கிற எண் 9-இலிருந்து 34 வரை.

ஜப்பான் இதை நேரா சட்டத்திலேயே எழுதியது. கெய் கார் என்று ஒரு தனி வகை. அதில் வரும் கார்களுக்கு வரியும் செலவும் குறைவு. 1955 முதல் 360 சிசி வரை அனுமதி. 1976-இல் 550 சிசி. 1990-இல் 660 சிசி. அதோடு 64 குதிரைத்திறனைத் தாண்ட மாட்டோம் என்று கம்பெனிகள் தங்களுக்குள்ளேயே ஒரு கட்டுப்பாடும் வைத்துக்கொண்டன. சட்டத்தில் அது இல்லை, ஆனா இன்றுவரை கடைப்பிடிக்கிறாங்க. ஜப்பானில் விற்கிற புதுக் கார்களில் மூன்றில் ஒன்று அளவுக்கு இன்னமும் கெய் கார்தான்.

நம்ம ஊருக்கு வந்த ஜப்பான் கார்

இந்த ஜப்பான் சட்டத்துக்கும் நம்ம ஊர் தெருவில் ஓடின மாருதி 800-க்கும் நேரடித் தொடர்பு உண்டு. சுசுகியின் ஒரு கெய் காரைத்தான் இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். ஜப்பானில் சட்டத்துக்குள் அடங்குவதற்காக அதில் 543 சிசி இஞ்சின். அந்தக் கட்டுப்பாடு இல்லாத நாடுகளுக்கு 796 சிசி. நமக்கு வந்தது ரெண்டாவது. 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் காரின் சாவியைக் கொடுத்தார்.

அப்போ சாலையில் இருந்தது ரெண்டு ராஜாக்கள். அம்பாசடர் 1,489 சிசி. பிரீமியர் பத்மினி 1,089 சிசி. அதுக்குப் பக்கத்துல 796 சிசி வண்டியை நிறுத்தினா, "இது காரா, தீப்பெட்டியா?" என்கிற சந்தேகம் வருவது நியாயம்தான்.

ஆனா கணக்கைப் பாருங்க. அம்பாசடர் சுமார் 50 குதிரைத்திறன், எடை 1,100 கிலோவுக்கு மேல். ஒரு டன்னுக்கு 45 குதிரைகள். மாருதி சுமார் 37 குதிரைத்திறன், எடை சுமார் 650 கிலோ. ஒரு டன்னுக்கு 57 குதிரைகள். ரெண்டிலும் ஆட்களும் மூட்டையும் சேர்த்து 350 கிலோ ஏத்துங்க. அம்பாசடர் 34, மாருதி 37. சுமை ஏறினதும் வித்தியாசம் சுருங்கினாலும் தீப்பெட்டி தோற்கலை. சிசி-யைப் பார்த்துச் சந்தேகப்பட்டவர்கள் எடையைப் பார்க்க மறந்துட்டாங்க.

எதிர் உதாரணம் சென்னையிலேயே இருக்கு. வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் கம்பெனி 1985-இல் ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒரு கார் கொண்டு வந்தது. உடம்பு பிரிட்டனின் ரோவர் எஸ்டி1. அங்கே அந்த உடம்புக்கு 3.5 லிட்டர் வி8 வரைக்கும் இஞ்சின் இருந்தது. இங்கே உள்ளே வைத்தது பழைய தலைமுறை 2 லிட்டர் இஞ்சின். சிசி பெரிசு, விலை பெரிசு, பெட்ரோல் செலவும் பெரிசு, ஓட்டம் மட்டும் சுமார். சில வருஷத்திலேயே தயாரிப்பு நின்னுபோச்சு.

இன்னொண்ணும் கவனிக்கணும். மாருதி வாங்கின நிறைய குடும்பங்கள் அம்பாசடரில் இருந்து இறங்கி வரலை, ஸ்கூட்டரில் இருந்து ஏறி வந்தாங்க. ஸ்கூட்டர் 150 சிசி, ஏழெட்டு குதிரைத்திறன், அதுல அப்பா, அம்மா, முன்னாடி நிக்கிற பையன், மடியில குழந்தை. அந்தக் குடும்பத்துக்கு 37 குதிரைகள் என்பது ஒரு சாம்ராஜ்யம். எதிலிருந்து வர்றோம் என்பதைப் பொறுத்துத்தான் "இழுக்குது", "இழுக்கலை" ரெண்டும்.

நோட்டுல போட்ட கணக்கு

சரி, உண்மையில் ஒரு குடும்பக் காருக்கு எவ்வளவு சக்தி வேணும்? தோராயக் கணக்கு ஒண்ணு போட்டுப் பார்த்தேன். ஆளும் மூட்டையும் சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள சின்னக் கார். டயர் உராய்வு, காற்றுத் தடை ரெண்டையும் சேர்த்தா, சமதள ரோட்டில் 80 கிலோமீட்டர் வேகத்துல போக சுமார் 10 குதிரைத்திறன்தான் தேவை. 100-ல போக சுமார் 17. கியர்பாக்ஸில் வீணாவதைச் சேர்த்தாலும் 20-ஐத் தாண்டாது. வேகம் கூடக் கூட காற்று ரொம்பக் கடுமையாகத் தள்ளும், அதனாலதான் இந்தத் தாவல்.

அப்போ 37 தாராளம்தானே? சமதளத்தில் ஆமாம். இப்போ மலைக்கு வாங்க. மேட்டுப்பாளையத்தில் இருந்து ஏறுறோம். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம்னு வச்சுக்கங்க. 30 கிலோமீட்டர் வேகத்துக்கு சுமார் 13 குதிரைத்திறன் போதும். அதே ஏற்றத்தில் 60-ல போகணும்னா 27, கியர்பாக்ஸ் இழப்போடு 30-ஐத் தாண்டிடும். இதுல ஒரு சிக்கல். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். மேலே போகப் போக காற்று மெலியும், டர்போ இல்லாத இஞ்சின் மூச்சு வாங்கும். உச்சியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு சக்தி போயிடும். 37 என்பது 30 ஆகிடும். ஏசி போட்டா அதிலும் மூணு நாலு குதிரை அதுக்கு. மிச்சம் 26.

மலையேறும்போது ஏசியை நிறுத்திட்டு, ஜன்னலை இறக்கிவிட்டு, செகண்ட் கியருக்கு மாத்துற நம்ம பழக்கம் எங்கிருந்து வந்ததுன்னு இப்போ புரியுதா? அது ஒரு பட்ஜெட் முடிவு. மலையில் சக்தி குறைவுக்கு நாம கொடுக்கிற விலை நேரம் மட்டும்தான். மெதுவாகப் போனா எந்த வண்டியும் ஏறிடும்.

ஓவர்டேக்கில் அப்படி இல்லை. இருவழி ரோட்டில் 50-ல போற லாரிக்குப் பின்னாடி இருக்கோம். தாண்ட 80-க்கு வரணும். இஞ்சின் எல்லா நேரமும் முழு சக்தி தராது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டா, ஆள் நிறைஞ்ச 37 குதிரை வண்டிக்கு 50-இலிருந்து 80 வர சுமார் 11 வினாடி ஆகும். அந்த 11 வினாடியில் நாம 200 மீட்டர் போயிருப்போம். எதிரே 60-ல வர்ற பஸ் 180 மீட்டர் வந்திருக்கும். கிட்டத்தட்ட 400 மீட்டர் காலி ரோடு வேகம் எடுக்க மட்டுமே வேணும். அதே இடத்துல 80 குதிரைத்திறன் உள்ள 1.2 லிட்டர் கார் 5, 6 வினாடியில் முடிக்கும். அதுக்குப் பாதி ரோடு போதும்.

சர்வர் திட்டமிடும்போது சராசரி லோடைப் பார்த்து மெஷின் வாங்க மாட்டோம், உச்ச லோடைப் பார்ப்போம். காரிலும் அந்த உச்சம் இதுதான். வருஷத்துல 99 சதவீத நேரம் 20 குதிரைகள் போதும். மிச்சம் இருக்கிற சில வினாடிகளில் ஒரு குடும்பத்தோட உயிர் ஊசலாடுது. நம்ம மாமா கேட்ட "இழுக்குமா?"வில் நியாயம் இருக்கு.

ஆனா அந்த இடத்துக்கு இன்னும் ரெண்டு தீர்வு உண்டு. ஒண்ணு, லாரிக்குப் பின்னாடியே காத்திருப்பது. செலவே இல்லாத தீர்வு இது. ரெண்டாவது, ரோட்டை மாத்துவது. சென்னையையும் மும்பையையும் டெல்லியையும் கொல்கத்தாவையும் இணைக்கிற 5,846 கிலோமீட்டர் தங்க நாற்கரச் சாலை வந்தபிறகு, அந்த வழிகளில் எதிர்ப்பக்க பஸ் நடுத்திட்டுக்கு அந்தப் பக்கம் போயிடுச்சு. அதே 37 குதிரைக்கு ஓவர்டேக் திடீர்னு சுலபமாச்சு. ஆனா எல்லாரும் 100-ல போக ஆரம்பிச்சதால, 37 போதலைன்னும் தோண ஆரம்பிச்சது. ரோடு நல்லாச்சுன்னா தேவை குறையும்னு நினைச்சோம், ஆசை கூடிடுச்சு.

மறுபடியும் வரி

2006 மத்திய பட்ஜெட்டில் சின்னக் காருக்கு ஒரு வரையறை வந்தது. நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் இஞ்சின் 1,200 சிசி-க்குள், டீசல் 1,500 சிசி-க்குள். அதுக்கு உற்பத்தி வரி 24-இலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது. பிரிட்டனில் நடந்த அதே கதை இங்கே திரும்ப ஓடுச்சு. 1,197, 1,199 என்று சரியாகக் கோட்டைத் தொட்டு நிற்கிற இஞ்சின்கள் குவிந்தன. செடான் காரின் டிக்கியை வெட்டி 4 மீட்டருக்குள் திணித்தார்கள். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மாறி, சின்னக் காருக்கு 18, பெரிய காருக்கு 40 சதவீதம் ஆனபோதும் அதே அளவுகள்தான் கோடு. சூத்திரத்தில் சிசி இருக்கு, குதிரைத்திறன் இல்லை. அதனால இப்போ டர்போ. சென்னைக்குப் பக்கத்துல ஸ்ரீபெரும்புதூரில் ஆலை வச்சிருக்கிற ஹூண்டாய் விற்கிற 998 சிசி டர்போ இஞ்சின் 120 குதிரைத்திறன் தருது. மாருதி 800 மாதிரி மூணு வண்டியோட சக்தி.

கேட்காமல் விட்ட கேள்வி

ஆரம்பத்துல சொன்ன கடைசி விஷயத்துக்கு வந்துட்டோம்.

2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்கிற ஐந்து சின்னக் கார்களை மோதிப் பார்த்தது. ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ. எல்லாமே ஏர்பேக் இல்லாத ஆரம்ப விலை மாடல்கள். அஞ்சுக்கும் பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்யம் நட்சத்திரம். அந்தச் சோதனையின் வேகம் மணிக்கு 64 கிலோமீட்டர். 9 குதிரைத்திறன் 2சிவி-யே எட்டிய வேகம்!

அதே போலோ, அதே சக்தி, ரெண்டு ஏர்பேக்கோடு மோதினபோது நாலு நட்சத்திரம் வாங்குச்சு. ஒரு குதிரைகூடக் கூட்டலை. மோதல் சோதனை இந்தியாவில் கட்டாயமானது 2017 அக்டோபரில் புது மாடல்களுக்கு, 2019 அக்டோபரில் எல்லா மாடல்களுக்கும். அதாவது முதல் மாருதி வந்து முப்பது வருஷத்துக்கும் மேலே, ஷோரூமில் நின்னு "பிக்கப் எப்படி, புல்லிங் எப்படி"ன்னு கேட்டோம். மோதினா உள்ளே இருக்கிறவங்க என்ன ஆவாங்கன்னு நம்மில் பெரும்பாலானோர் கேட்கலை. கம்பெனிகளும் தானாகச் சொல்லலை. குதிரையை எண்ணிட்டே இருந்தோம், வண்டியைத் தட்டிப் பார்க்கலை.

அதனால வீட்டுல கார் பேச்சு வந்தா இப்படிச் சொல்லலாம். ஊருக்குள்ள ஓட்ட, நாலுவழிச் சாலையில் 80, 90-ல போக, இன்னைக்கு விற்கிற எந்தச் சின்ன இஞ்சினும் போதும். அடிக்கடி குடும்பத்தோட மலைக்கோ இருவழி ரோட்டிலோ போறவங்கன்னா, ஷோரூம் பையன் தனியா ஓட்டிக் காட்டுறதை நம்பாதீங்க. அஞ்சு பேரை ஏத்தி, ஏசி போட்டு, ஒரு மேம்பாலத்துல ஏத்திப் பாருங்க. திணறுதா இல்லையான்னு இஞ்சினே சொல்லும். அதுக்கப்புறம் கையில் இருக்கிற அடுத்த அம்பதாயிரத்தைப் பெரிய இஞ்சினுக்குக் கொடுக்கணுமா, கூடுதல் ஏர்பேக் இருக்கிற மாடலுக்குக் கொடுக்கணுமா என்று கேள்வி வந்தா, என் ஓட்டு ஏர்பேக்குக்கு. இழுக்கலைன்னா கொஞ்சம் காத்திருந்து போகலாம்.

உங்க வீட்டு முதல் கார் எது, மலையில ஏசியை நிறுத்தினது யாருன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.